சுண்ணாம்பு பட்ட கண்ணும் நான்கு திறவுகோல்களும்

பொங்கல் நெருங்கும்போது வெள்ளையடிப்பதற்காகச் சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியிலிட்டு நீற்றுவது நம் ஊர்ப்பக்கத்து வழக்கம். இன்று வண்ணப் பூச்சுகள் பெருகிவிட்டாலும், இந்தக் காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை. கல்லின் மேல் நீரை ஊற்றியதும் தொட்டி கொதிக்கிறது, ஆவி எழுகிறது. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. கால்சியம் ஆக்சைடு நீருடன் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகையில் வெளிப்படும் வெப்பமே நீரைக் கொதிக்க வைக்கிறது என்பதை மாணவர்கள் அறிவர்.

இதே சுண்ணாம்புதான் வெற்றிலையில் தடவப்படுகிறது. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் தோலிலிருந்து மயிரை நீக்கவும் இதுவே பயன்படுகிறது. இவ்வளவு பழகிய பொருள் கண்ணில் தெறித்துவிட்டால் நிகழ்வது என்ன?

அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. அமிலம் தான் பட்ட இடத்துப் புரதத்தை உறையச் செய்து, தன் வழியைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்கிறது. காரமோ செல்களின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டு மேலும் மேலும் உள்ளே செல்கிறது. புண் ஆறியபின், கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலிருந்த படலத்தின் மீது இரத்தக் குழாய்கள் படர்கின்றன. படலம் வெளுத்துப் போகிறது. பார்வை மங்கி மறைகிறது.

அப்படியானால் இறந்தவர் ஒருவர் தானமாகத் தந்த விழிப்படலத்தைப் பொருத்திவிடலாமே என்று தோன்றும். மருத்துவர்கள் அதைச் செய்து பார்த்தனர். வேறு பல கண் நோய்களில் நன்கு பலன் தந்த இந்த அறுவைச் சிகிச்சை, சுண்ணாம்பு பட்ட கண்களில் மட்டும் பெரும்பாலும் தோல்வியுற்றது. புதிதாகப் பொருத்திய படலமும் சில மாதங்களில் வெளுத்தது. இது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு அரை நூற்றாண்டைத் தாண்டியது. அதில் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு. தவளையின் முட்டைக்கும் ஜப்பானிய எலிக்கும்கூடப் பங்கு உண்டு. நான் இயற்பியல் கற்பிப்பவன். உயிரியல் எனக்கு அண்டை வீடு. எனினும் அண்டை வீட்டில் நடந்த இந்த நிகழ்ச்சி, வேலி தாண்டிச் சென்று பார்க்கத் தக்கது.

கண்ணின் ஓரத்தில் ஒரு நாற்றங்கால்

கார்னியா எனப்படும் விழிப்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. அதன் மேற்பரப்பில் ஐந்தாறு அடுக்குகளாக மெல்லிய செல்கள் போர்த்தியுள்ளன. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தச் செல்களில் சில தேய்ந்து உதிர்கின்றன. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் மேற்போர்வை முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. உதிர்ந்தவற்றுக்கு ஈடான புதிய செல்கள் எங்கிருந்து வருகின்றன?

1971ஆம் ஆண்டில் டாவாங்கர், ஈவென்சன் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர் இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் வட்டமான விளிம்பிலிருந்து செல்கள் நடுவை நோக்கி நகர்ந்து வருகின்றன என்பது அவர்கள் கருத்து. இந்த விளிம்புக்கு லிம்பஸ் என்று பெயர். கண்ணாடி முன் நின்று உங்கள் கருவிழியின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். அந்த மெல்லிய வளையமே விழிப்படலத்தின் நாற்றங்கால்.

அங்கே தங்கியிருக்கும் சிறப்பு வகைச் செல்களை ஸ்டெம் செல் என்கிறோம். தமிழில் குருத்தணு என்பது பொருத்தமான பெயர். வாழையில் இலை விரிந்து, முதிர்ந்து, கிழிந்து போகிறது. நடுவிலிருக்கும் குருத்தோ மீண்டும் மீண்டும் இலையை ஈனுகிறது. அதுபோலக் குருத்தணு பிளவுபடும்போது, ஒரு பங்கு வேலைக்குச் செல்லும் செல்லாக முதிர்கிறது; மற்றொரு பங்கு குருத்தாகவே நின்றுவிடுகிறது.

இப்போது நம் புதிர் விடுபடுகிறது. சுண்ணாம்பு விழிப்படலத்தை மட்டும் எரிக்கவில்லை. ஓரத்து நாற்றங்காலையும் எரித்துவிட்டது. தானமாக வந்த படலத்தை நடுவில் பொருத்தினாலும், அதன் மேற்போர்வை தேய்ந்து உதிர்ந்தபின் ஈடு செய்ய யாருமில்லை. நாற்று இல்லாத வயலில் களை படர்வதுபோல, வெள்ளைவிழியின் செல்கள் இரத்தக் குழாய்களுடன் புகுந்துவிடுகின்றன.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. 1989இல் அமெரிக்காவில் கென்யன், செங் ஆகிய மருத்துவர்கள், நோயாளியின் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து திசுவை எடுத்துக் கெட்ட கண்ணில் நட்டுப் பலன் கண்டனர். ஆனால் நல்ல கண்ணிலிருந்து அதிகமாக எடுத்தால் அதுவும் கெடக்கூடுமே! 1997இல் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலெ டி லூக்கா குழுவினர் இதற்கு மாற்று கண்டனர். சுமார் ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள திசுவை எடுத்து, ஆய்வகத்தில் தாளாக வளர்த்து, இரு நோயாளிகளுக்குப் பொருத்தினர்.

மதுரையில் நடந்த கணக்கெடுப்பு

இங்கே ஓர் இடர் எழுந்தது. ஆய்வகத்தில் வளரும் தாளில் இலட்சக்கணக்கான செல்கள் இருக்கலாம். அவற்றில் உண்மையான குருத்தணுக்கள் எத்தனை? பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். குருத்தில்லாத தாளைப் பொருத்தினால் முன்பு நேர்ந்த தோல்வியே மீண்டும் நேரும். ஆகவே அவற்றை இனங்காணும் அடையாளம் தேவைப்பட்டது. பி63 என்ற புரதம் குருத்தணுக்களில் மிகுந்துள்ளது என்று இத்தாலியக் குழுவினர் 2001இல் அறிவித்தனர். ஆயினும் சற்றே முதிர்ந்த செல்களிலும் அது ஓரளவு காணப்பட்டமையால், அந்த ஓர் அடையாளம் மட்டும் போதவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மதுரை. அங்கே 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பலரும் அறிவர். கண்புரை அறுவைக்காக அது உலகப் புகழ் பெற்றது. அதன் ஆராய்ச்சிப் பிரிவில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர் முத்துக்கருப்பன் தலைமையில் இந்தச் சிக்கல் ஆராயப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

அவர்கள் கையாண்ட முறை எளிமையானது, அதனாலேயே அழகானது. வேலையில் இறங்காத இளஞ்செல்லில் உட்கரு பெரிதாகவும், அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசம் குறைவாகவும் இருக்கும். முதிர முதிரச் சைட்டோபிளாசம் பெருகும். எனவே பி63 புரதத்தின் அளவை மட்டும் பார்க்காமல், உட்கருவுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்து அளந்தனர். இரண்டும் மிகுந்திருந்த ஒரு சிறு பிரிவுச் செல்கள் கண்ணின் விளிம்பில் மட்டுமே இருந்தன. படலத்தின் நடுவில் அவை காணப்படவில்லை. அர்பிதா, பிரஜ்னா, சீனிவாசன், முத்துக்கருப்பன் ஆகியோர் பெயரில் 2005இல் இம்முடிவு வெளியாயிற்று. ஓர் அளவு போதாதபோது இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பது இயற்பியல் மாணவனுக்குப் பழகிய வழியன்றோ!

இத்தகைய கணக்கு ஏன் இன்றியமையாதது என்பதை 2010ஆம் ஆண்டு காட்டியது. இத்தாலியக் குழுவினர் 112 நோயாளிகளின் பலன்களை வெளியிட்டனர். வளர்த்த செல்களில் பி63 மிகுந்தவை 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தபோது, நூற்றுக்கு 78 பேருக்கு வெற்றி; 3 விழுக்காடோ அதற்குக் குறைவோ இருந்தபோது, நூற்றுக்கு 11 பேருக்கே வெற்றி.

ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தாரும் 2001 முதல் இத்துறையில் உழைத்தனர். 200 நோயாளிகளில் 71 விழுக்காட்டினர் பலன் பெற்றதாக 2011இல் தெரிவித்தனர். அடுத்த ஆண்டு, டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் இன்னும் எளிய முறையை வெளியிட்டனர். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து எடுத்த சிறு துண்டைப் பொடித் துண்டுகளாக்கி, பனிக்குடச் சவ்வின் மேல் பசையிட்டு நேரடியாக நட்டுவிட்டனர். செல்களை வளர்க்க விலைமிக்க ஆய்வகமே தேவையில்லை. நோயாளியின் கண்ணே ஆய்வகம்!

இரு கண்களும் போனால்?

இதுவரை கூறியவை யாவும் ஒரு கண்ணாவது நன்றாக இருப்பவர்களுக்கே. இரு கண்களிலும் சுண்ணாம்பு தெறித்தவருக்கு நாற்று எங்கிருந்து கிடைக்கும்? பிறர் கண்ணிலிருந்து எடுத்தால் உடல் அதை அயலாக எண்ணித் தள்ளிவிடுகிறது.

2004இல் ஜப்பானின் கோஜி நிஷிடா குழுவினர் நோயாளியின் வாயை நாடினர். கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து, நான்கு பேரின் கண்களில் பொருத்தினர். அவர்கள் பயன்படுத்திய தட்டு இயற்பியல் ஆர்வலர்களுக்கு விருந்து. அதன் பரப்பில் ஒரு பாலிமர் பூசப்பட்டிருந்தது. 37 டிகிரி செல்சியசில் அது நீரை வெறுக்கும். செல்கள் அதில் ஒட்டி வளரும். 32 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டால் அது நீரை ஏற்று உப்பிக்கொள்ளும்; செல்கள் கிழியாமல் ஒரே தாளாகத் தாமே கழன்று வரும். கத்தியும் வேண்டாம், செல்களைப் பிரிக்கும் நொதியும் வேண்டாம். வெப்பநிலை ஒன்றே போதும். மதுரையிலும் கன்னத்துக் குருத்தணுக்களை இனங்கண்டு, வளர்த்து, கண்ணில் பொருத்திய பணி பின்னர் வெளியாயிற்று.

ஆயினும் கன்னத்துச் செல் கண்ணுக்குக் குடிவந்த பின்னும் தன் இயல்பை முற்றிலும் விடுவதில்லை. விழிப்படலத்தின் தெளிவு அதற்கு வருவதில்லை. இரத்தக் குழாய்களும் மீண்டும் படர முனைகின்றன. உண்மையில் வேண்டியது கண்ணின் செல். அதை வேறொரு செல்லிலிருந்து உண்டாக்க இயலுமா? இதற்கு விடை காண, நாம் கண்ணை விட்டுச் சற்று விலகி, இன்னொரு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிய நீர்

பழனி மலைத்தொடரில் இரண்டு மழைத்துளிகள் அருகருகே விழுவதாகக் கொள்வோம். ஒன்று மஞ்சளாற்றின் பக்கம் சரிந்தால் வைகையைச் சேர்கிறது. மற்றொன்று குடகனாற்றின் பக்கம் சரிந்தால், ஆத்தூர் காமராசர் அணையைக் கடந்து, அமராவதியில் கலந்து, காவிரிக்குப் போகிறது. உச்சியில் இரண்டு வழிகளும் திறந்திருந்தன. சமவெளிக்கு வந்தபின் வைகை நீர் காவிரி நீராக முடியாது.

கருவின் வளர்ச்சியும் இத்தகையதே என்று உயிரியலார் நெடுங்காலம் கருதினர். பிரிட்டிஷ் உயிரியலார் வாடிங்டன் தம் 1957ஆம் ஆண்டு நூலில், மலைச்சரிவில் உருண்டு பல பள்ளத்தாக்குகளில் ஒன்றில் சென்று தங்கும் பந்தாகச் செல்லைச் சித்திரித்தார். கருவின் முதற்செல் உச்சியில் உள்ளது. தோல், குடல், கண் என்பன பள்ளத்தாக்குகள். இறங்கிய பந்து தானாக மேலேறுவதில்லை.

அப்படியானால் தோல் செல் தனக்கு வேண்டாத ஜீன்களை இழந்துவிடுகிறதா, அல்லது பூட்டி வைக்கிறதா? 1952இல் அமெரிக்காவின் பிரிக்ஸ், கிங் ஆகியோர், உட்கரு நீக்கிய தவளை முட்டையில் வேறு செல்லின் உட்கருவைச் செலுத்தி இதைச் சோதித்தனர். மிக இளைய கருவின் உட்கரு பலன் தந்தது. முதிர்ந்தவை பெரும்பாலும் தோற்றன. வழி அடைந்துவிட்டது என்றே தோன்றியது.

இங்கிலாந்தின் ஜான் கர்டன் விடவில்லை. முட்டையின் உட்கருவைப் புறஊதாக் கதிரால் அழித்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அதில் இட்டார். நூற்றுக்கு ஓரிரு முட்டைகளே தேறின. ஆனால் அவற்றிலிருந்து முழுமையான தலைப்பிரட்டைகள் நீந்தி வந்தன! 1962இல் வெளியான இந்த முடிவின் பொருள் தெளிவானது. குடல் செல்லின் உட்கருவில் கண்ணையும் தோலையும் உண்டாக்கும் செய்தி முழுதும் உள்ளது. அது தொலைந்துபோகவில்லை, பூட்டப்பட்டிருக்கிறது.

இந்தக் கர்டன் பள்ளியில் படித்தபோது, இவர் அறிவியலாளராக எண்ணுவது நகைப்புக்கு இடமானது என்ற பொருள்பட உயிரியல் ஆசிரியர் அறிக்கை எழுதினார். கர்டன் அதைச் சட்டமிட்டுத் தம் மேசைக்கு மேல் மாட்டி வைத்திருந்தார். மாணவர்களைவிட என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கே இது உரிய பாடம்.

நான்கு திறவுகோல்கள்

பூட்டு என்றால் திண்டுக்கல்லுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டின் உள்ளே நெம்புகோல்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் உரிய உயரத்துக்குத் தூக்கும் சாவி ஒன்றே பூட்டைத் திறக்கும். ஒரு நெம்புகோல் குறைந்தாலும் திறவாது. செல்லின் பூட்டுக்கும் பல நெம்புகோல்கள் உண்டென்று எண்ணலாம். முட்டையினுள் ஏதோ ஒன்று அவற்றையெல்லாம் ஒருங்கே தூக்கிவிடுகிறது. அது எது?

கர்டனின் கட்டுரை வெளியான 1962இல்தான் ஷின்யா யாமனாகா ஜப்பானில் பிறந்தார். எலும்பு அறுவை மருத்துவராகப் பயிலத் தொடங்கிப் பின் ஆராய்ச்சிக்கு வந்தவர். கரு நிலைச் செல்களில் சுறுசுறுப்பாக இயங்கும் ஜீன்களிலிருந்து 24ஐத் தேர்ந்தெடுத்தார். கசுடோஷி தாகாஹாஷி என்ற இளம் ஆய்வாளர் அந்த 24ஐயும் ஒருசேர எலியின் இணைப்புத்திசுச் செல்களில் செலுத்தினார். சில செல்கள் கரு நிலைச் செல்களைப் போல மாறின.

ஆனால் 24இல் உண்மையான சாவி எது? பூட்டுக்காரர் செய்யக்கூடியதையே அவர்களும் செய்தனர். கொத்திலிருந்து ஒவ்வொரு சாவியாகக் கழற்றி, மீதி 23ஐக் கொண்டு முயன்றனர். எதைக் கழற்றினால் பூட்டு திறக்கவில்லையோ, அது தேவையான சாவி. இவ்வாறு குறைத்துக் குறைத்து நான்குக்கு வந்தனர். ஆக்ட்-3/4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக் என்பன அந்த நான்கு ஜீன்கள். 2006இல் எலியிலும், 2007இல் மனிதச் செல்லிலும் இது வெற்றி பெற்றது. அதே 2007இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழுவினரும் சற்று வேறான நான்கு ஜீன்களால் இதைச் செய்து காட்டினர். இப்படிக் கிடைத்தவையே ஐபிஎஸ் செல்கள்; அதாவது, தூண்டிப் பெற்ற பன்திறன் குருத்தணுக்கள். 2012ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கர்டனுக்கும் யாமனாகாவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. சமவெளி நீர் மலையுச்சிக்கு ஏறிவிட்டது!

இயற்பியலார் ஒன்றை மறவார். நீரை மேலேற்றினால் விலை கொடுத்தாக வேண்டும். தொடக்கத்தில் ஆயிரம் செல்களில் ஒன்றுகூட முழுமையாக மாறவில்லை. நான்கு சாவிகளில் ஒன்றான சி-மிக், புற்றுநோயுடன் தொடர்புடைய ஜீன். தவிரவும், உச்சிக்கு ஏறிய செல் எந்தப் பள்ளத்தாக்கிலும் உருளக்கூடியது. கண்ணில் இட்ட செல் கட்டியாக வளர்ந்துவிட்டால்? 2014 செப்டம்பரில் ஜப்பானின் மசாயோ தாகாஹாஷி குழுவினர், நோயாளியின் சொந்த ஐபிஎஸ் செல்களிலிருந்து வளர்த்த விழித்திரைத் திசுவை முதன்முறையாக மனிதக் கண்ணில் பொருத்தினர். இரண்டாம் நோயாளிக்கான செல்களில் ஜீன் மாற்றங்கள் காணப்படவே, 2015இல் பணியை நிறுத்தினர். ஐயம் வந்தபோது நிறுத்தத் தெரிந்ததும் இவ்வரலாற்றின் பெருமைகளில் ஒன்று.

இரு வரலாறுகளும் சந்தித்த இடம்

கன்னத்துச் செல்லைக் கண்ணில் வைத்த அதே நிஷிடா, ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ் செல்லைக் கையில் எடுத்தார். 2016இல் அவர் குழுவினர் வெளியிட்ட காட்சி வியப்புக்குரியது. தட்டில் வளரவிட்ட மனித ஐபிஎஸ் செல்கள் தாமாகவே வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வளையங்களாக அமைந்தன. கரு வளர்ச்சியில் கண்ணின் பகுதிகள் அமையும் ஒழுங்கை அவை ஒத்திருந்தன. மூன்றாம் வளையத்தில் விழிப்படலத்தின் மேற்போர்வைச் செல்கள் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்துத் தாளாக வளர்த்தனர்.

2019 ஜூலையில் முதல் நோயாளிக்கு இத்தாள் பொருத்தப்பட்டது. 2020 நவம்பருக்குள் மொத்தம் நால்வருக்குச் சிகிச்சை நடந்தது. நால்வரும் இரு கண்களின் விளிம்புக் குருத்தணுக்களையும் இழந்தவர்கள். இரண்டாண்டுக் காலக் கண்காணிப்புக்குப் பின், 2024 நவம்பரில் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியாயிற்று. கட்டியோ வேறு கடுந்தீங்கோ நேரவில்லை. மூவருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு தேறி நிலைத்தது. ஒருவருக்குத் தேறிய பார்வை நிலைக்கவில்லை.

நால்வர் என்பது சிறு எண். விரிந்த சோதனைகள் இன்னும் தேவை. இது நம் ஊர் மருத்துவமனைக்கு நாளையே வந்துவிடும் பொருளன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குருத்தணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் ஐபிஎஸ் செல்களைக் கொண்டு இரத்த நோய்களை ஆராய்கின்றனர் என்பது நம் மாணவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி. ஆனால் ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் எல்லா நோயும் தீரும்’ என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கை வேண்டும். மதுரையில் செல்களை ஒவ்வொன்றாக அளந்தவர்களும், ஒசாகாவில் நான்கு கண்களை இரண்டாண்டு காத்திருந்து நோக்கியவர்களும் அப்படிப் பேசவில்லை. என்ன செல், எத்தனை செல், எவ்வளவு காலம் நின்றது என்று கேளுங்கள். எண்களால் விடை சொல்ல இயலாதவரிடம் கண்ணை ஒப்படைக்க வேண்டாம்.

இறுதியாகத் தொட்டிக்கே திரும்புவோம். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் நீர் படக்கூடாது, கொதித்துவிடும் என்று நம்மிடையே ஓர் அச்சம் உண்டு. சிறிது நீருக்கு அது பொருந்தலாம். ஏராளமான நீருக்குப் பொருந்தாது. பாய்ந்தோடும் நீர் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். காரத்தையும் நீர்க்கச் செய்து அடித்துச் செல்லும். ஒட்டியிருக்கும் துகளைச் சுத்தமான துணியால் உடனே அகற்றுங்கள். இமையை விரித்துப் பிடித்து, தூய நீரைக் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை இடைவிடாது ஊற்றுங்கள். எண்ணெயும் வேண்டாம், பாலும் வேண்டாம். பிறகு தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

விளிம்பிலிருந்து செல்கள் நகர்கின்றன என்று கண்ட 1971 முதல், ஒசாகாவின் முடிவு வந்த 2024 வரை 53 ஆண்டுகள். எரிந்துபோன நாற்றங்காலை மீண்டும் உண்டாக்க மனித அறிவுக்கு இத்தனை காலமும் இத்தனை உழைப்பும் தேவைப்பட்டன. அது எரியாமல் காக்க வேண்டியது ஒரு குடம் தண்ணீரும், தயங்காத ஒரு கையுமே. அடுத்த முறை சுண்ணாம்பு நீற்றும்போது பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்லுங்கள்; பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் இருக்கட்டும்.